பொங்கல் பானைக்கு ஒரு கண்ணாடி ஊஞ்சல்

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் செராங்கூன் கார்டன்ஸ் பக்கம் உங்கள் தரைவீட்டின் பின்னால் சிமென்டுத் தரை போட்ட சிறு முற்றம் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு பட்டறை மேசையும் துளைபோடும் இயந்திரமும் வைத்திருக்கிறீர்கள். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளோடு சேர்ந்து, சிறு சிறு கண்ணாடிகளைப் பலகையில் பதித்து வெயிலைக் குவித்து, அந்தச் சூட்டிலேயே தை முதல் நாள் பொங்கல் வைக்க வேண்டும். முடிந்தால் அதிலிருந்து மின்சாரமும் எடுக்க வேண்டும். பார்த்த மாதிரிகள் எல்லாம் கிண்ணம்போல வளைந்து அண்ணாந்து நிற்கின்றன, எதைப் பின்பற்றுவது என்று தெரியவில்லை என்கிறீர்கள்.

பொங்கல் வைக்கலாம். அரை சதுர மீட்டர் கண்ணாடியில் அதற்கான சூடு கிடைத்துவிடும். மின்சார ஆசையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். குவித்த ஒளியைச் சூரியத் தகட்டின்மேல் விட்டால் தகடு சுட்டுப்போகும். சூடு ஏற ஏற அது தரும் மின்சாரமும் குறையும். சூட்டை மின்சாரமாக மாற்றும் சில்லுகளை வாங்கி ஒட்டினாலும், 200 வாட் சூட்டைக் கொடுத்துச் சில வாட் மின்சாரத்தைத்தான் திரும்பப் பெறுவீர்கள். அதே அரை சதுர மீட்டர் இடத்தில் ஒரு சாதாரணச் சூரியத் தகட்டைக் கிடத்தி வைத்தால் நல்ல வெயிலில் 100 வாட் வரை தரும், மேகமூட்டத்திலும் கொஞ்சம் தரும். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் மிதக்கவிட்ட 60 மெகாவாட் சூரியப் பண்ணையில் இருப்பவையும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சாதாரணத் தகடுகளே. வெயிலைக் குவிக்கும் கண்ணாடிகளை அங்கே யாரும் வைக்கவில்லை. காரணம் நம் வானம்.

சிங்கப்பூர் வானம் வெளிச்சமான வானம். ஆனால் தெளிந்த வானம் அன்று. ஆண்டு முழுவதும் இங்கே தரையில் விழும் ஒளியில் ஏறக்குறையப் பாதி, மேகத்திலும் ஈரக்காற்றிலும் பட்டுச் சிதறி எல்லாத் திசையிலிருந்தும் வருவது. தகடு அதையும் வாங்கிக்கொள்ளும். கண்ணாடியால் அதைக் குவிக்க முடியாது. சூரியனிலிருந்து நேராக வரும் ஒளி மட்டுமே கண்ணாடிக்குக் கட்டுப்படும். இதற்கு ஒரு கருவியும் வேண்டாம்: முற்றத்தில் கையை நீட்டி நிழலைப் பாருங்கள். விரல்களின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெரிந்தால் உங்கள் கண்ணாடிகள் வேலை செய்யும். கண் கூசுகிறது, ஆனால் நிழல் மங்கலாக இருக்கிறது என்றால் செய்யாது. புகைமூட்டக் காலத்தில் வெயில் அடிப்பதுபோலவே இருக்கும், பானை மட்டும் சூடாகாது. அதன் விளக்கமும் இதுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 2005இல் ஓரடிச் சதுரக் கண்ணாடிகள் 127ஐ வரிசையாக நிறுத்தி, கப்பல்போலச் செய்த மரச்சட்டத்தை எரித்துப் பார்த்தபோதும், வானம் பத்து நிமிடம்போல் மேகமின்றி இருந்த பிறகுதான் மரம் பற்றியது.

வானம் இப்படி ஒரு கையால் எடுத்துக்கொள்வதை, நாம் இருக்கும் இடம் மறு கையால் கொடுக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் பார்த்த சாய்ந்த கிண்ணங்கள் எல்லாம் நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய ஊர்களுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே சூரியன் வானத்தில் சரிந்த பாதையில் போகிறது. அதைத் தொடர வேண்டுமானால் கருவியைச் சுழற்றும் அச்சு, அந்த ஊர் எத்தனை பாகை வடக்கே இருக்கிறதோ அத்தனை பாகை உயர்ந்து வடக்கு நோக்க வேண்டும். சென்னையில் 13 பாகை, லண்டனில் 51 பாகை. நாம் இருப்பது 1.3 பாகையில். அதாவது இங்கே அந்த அச்சு தரைக்குக் கிடைமட்டமாகவே படுத்துக்கொள்கிறது. வடக்கு தெற்காக ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து தொங்கும் பலகை கிழக்கு மேற்காக ஆடினால் போதும், சூரியன் கூடவே போய்விடலாம். அது ஊஞ்சலேதான். சென்னையில் இருப்பவர் சாய்வுக்கோணம் கணக்கிட்டு இரும்பை வளைத்துச் செய்ய வேண்டியதை, நாம் இரண்டு கால்கள் நட்டு ஓர் ஊஞ்சல் கட்டிச் செய்துவிடலாம்.

இன்னொரு வசதியும் கூடவே வருகிறது. ஊஞ்சலின் அச்சுக்கோட்டிலேயே பானையை வைத்துவிட்டால், பலகை ஆடும், பானை அசையாது. ஆரோவில்லின் சூரிய சமையற்கூடக் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. நீராவி உண்டாக்கிச் சமைப்பதற்காக அமைத்தது. அங்கே கிண்ணம் அசையாது, சூட்டை வாங்கும் கொதிகுழாய் சூரியனைத் தொடர்ந்து நகரும். நமக்கு அதன் மறுதலை: பாலும் அரிசியும் உள்ள பானை நிற்க வேண்டும், கண்ணாடி நகரலாம்.

இனிப் பலகை. வளைந்த கண்ணாடி தேடி அலைய வேண்டாம். பிரான்சின் இயற்கை ஆராய்ச்சியாளர் பூஃபோன் 1747இல் பாரிசில் 168 தட்டைக் கண்ணாடிகளைச் சட்டத்தில் பூட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே திருப்பி, தொலைவில் வைத்த மரப்பலகைகளை எரித்துக் காட்டினார். தட்டைக் கண்ணாடிகள் பலவற்றைச் சரியாகச் சாய்த்தால் அதுவே ஒளியைக் குவிக்கும் குழிஆடி. உங்கள் அளவுக்கு 10 சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடிகள் ஏழுக்கு ஏழாக, 1 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, 80 சென்டிமீட்டர் சதுரப் பலகையில். நடுவில் உள்ளதை விட்டுவிடுங்கள். அது எப்போதும் பானையின் நிழலில்தான் இருக்கும். மொத்தம் 48.

பானை பலகையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். சூரியன் ஒரு புள்ளி அன்று. அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதனால் 1 மீட்டர் தொலைவில் ஒவ்வொரு கண்ணாடியின் வெளிச்சமும் எல்லாப் பக்கமும் கொஞ்சம் விரிந்து 11 சென்டிமீட்டர் சதுரமாக விழும். உங்கள் கை நடுக்கத்துக்கும் இடம் விட்டு 12 என்று வையுங்கள். 16 முதல் 18 சென்டிமீட்டர் அகலமுள்ள பாத்திரத்தின் அடியில் அது அடங்கிவிடும்.

கண்ணாடி கடையில் வெட்டித் தரச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் கனம், விளிம்பு தேய்த்தது. கைவினைப் பொருள் கடையில் கிடைக்கும் மெல்லிய துண்டுகள் நெளியும். வாங்குமுன் ஒரு துண்டை வெயிலில் பிடித்து மூன்று மீட்டர் தள்ளியுள்ள சுவரில் வெளிச்சத்தை விழச் செய்யுங்கள்: சதுரம் சீராக இருந்தால் எடுங்கள்; உள்ளே வெள்ளைக் கோடுகள் நெளிந்தால் வேண்டாம். அக்ரிலிக் கண்ணாடி உடையாது என்பார்கள். உண்மைதான், ஆனால் நம் வெயிலில் சில வாரங்களிலேயே வளைந்துவிடும்.

ஒட்டும் பசையில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் பலகைக்குக் கையில் கிடைத்த சிலிக்கோன் பசையைப் பயன்படுத்தினேன். பிதுக்கும்போது காடி வாசம் அடித்தது, அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்று மாதத்தில் ஒவ்வொரு கண்ணாடியிலும் பசை வைத்த இடத்தில் கறுப்புப் பொட்டு தெரிந்தது. ஆறு மாதத்தில் அந்தப் பொட்டுகள் கைக்கடிகார முகம் அளவுக்குப் படர்ந்தன. காடி வாசம் தரும் பசை காயும்போது அமிலத்தை விடுகிறது. அது பின்பூச்சைத் துளைத்து வெள்ளியை அரிக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடிக்கென்றே விற்கும் அமிலமற்ற சிலிக்கோனைக் கேட்டு வாங்குங்கள். பின்புறம் முழுவதும் தடவ வேண்டாம், பட்டாணி அளவில் மூன்று இடங்களில் வைத்தால் போதும். அடிப்பலகை ஈரத்தில் உப்பினாலும் கண்ணாடி வளையாது. வெட்டிய விளிம்புகள் நான்கிலும் வார்னிஷ் பூசிவிடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் விளிம்பு வழியாகத்தான் நுழைகிறது.

ஒவ்வொரு கண்ணாடியையும் 9 சென்டிமீட்டர் சதுரப் பிளைவுட் துண்டில் ஒட்டி, அந்தத் துண்டைப் பெரிய பலகையோடு மூன்று திருகாணிகளால் இணையுங்கள். துண்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஒவ்வொரு திருகாணியிலும் ஒரு வில்சுருள். பேனாவில் இருக்கும் சுருள் தாங்காது, அதைவிடத் தடித்தது வேண்டும். 4 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி ஒரு முழுச் சுற்றுக்கு 0.7 மில்லிமீட்டர் நகரும். திருகாணிகளுக்கு இடையில் 7 சென்டிமீட்டர் விட்டிருந்தால், ஒரு சுற்றுக்கு 1 மீட்டர் உயரத்தில் வெளிச்சம் 2 சென்டிமீட்டர் நகரும். கால் சுற்றுக்கு 5 மில்லிமீட்டர். இதைவிட நுணுக்கம் தேவையில்லை, இதைவிடக் குறைந்தாலும் ஆகாது.

சாய்வுக் கணக்கை உங்கள் மகளிடம் கொடுங்கள். கண்ணாடி மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதை 1 மீட்டரால் வகுத்து, அந்த விடையை டான்ஜென்டாக (tan) உடைய கோணத்தில் பாதி எடுக்க வேண்டும். கண்ணாடி சாய்வதைப்போல் இரு மடங்கு ஒளி திரும்புவதால்தான் இந்தப் பாதி. மையத்திலிருந்து 11 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதற்கு 3.1 பாகை, 22க்கு 6.2, 33க்கு 9.1, மூலையில் உள்ளதற்கு 12.5. வெளி விளிம்பு உள் விளிம்பைவிட எவ்வளவு உயர வேண்டும் என்று பார்த்தால் முறையே அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடக்குறைய வரும். மரக்கட்டைகளைத் தோராயமாக இந்த உயரங்களில் வெட்டிக் கொடுத்துவிட்டால், மிச்சத்தைத் திருகாணி பார்த்துக்கொள்ளும்.

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது திசை திருத்துவதில்தான். வழக்கமாகச் சொல்லப்படும் வழி, எல்லாக் கண்ணாடிகளையும் காகிதத்தால் மூடி, வெயிலில் ஒவ்வொன்றாகத் திறந்து, வெளிச்சத்தைக் குறியில் விழச் செய்வது. நம் ஊரில் ஏழாவது கண்ணாடிக்குப் போகும்போது மேகம் வந்துவிடும். மேகம் போகும்போது சூரியன் நகர்ந்திருக்கும். நான் அதைக் கைவிட்டு இரவில் செய்யத் தொடங்கினேன்.

பலகையைப் பட்டறைத் தரையில் மட்டம் பார்த்து வையுங்கள். அதற்கு மேலே ஒன்றரை மீட்டர் உயரத்தில் இரண்டு நாற்காலி முதுகுகளின்மேலோ அலமாரிகளின்மேலோ ஒரு நேரான மரச்சட்டத்தைக் குறுக்கே போடுங்கள். அதில் ஒரு சிறு லேசரைக் கீழ்நோக்கிக் கட்டுங்கள். லேசர் துல்லியமாகச் செங்குத்தாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் கதிருக்கு நேர் கீழே வையுங்கள். தண்ணீரைவிட மட்டமான கண்ணாடி உலகில் இல்லை. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் சிவப்புப் புள்ளி, லேசரின் வாயிலேயே போய் விழுந்தால் அது செங்குத்து. விரல் அகலம் விலகினாலும் லேசரின் கழுத்தில் ஒரு காகித மடிப்பைச் செருகித் திருத்துங்கள். பலகை மையத்துக்கு நேர் மேலே 1 மீட்டர் உயரத்தில் ஓர் அட்டை வட்டத்தை நூலில் தொங்கவிட்டு, அதன் அடிப்புறத்தில் பேனாவால் பெருக்கல் குறி போடுங்கள். இப்போது லேசர், மிகத் தொலைவில் உள்ள சூரியனின் ஒற்றைக் கதிர். அதை ஒவ்வொரு கண்ணாடியின் நடுவுக்கும் நகர்த்தி, தெறிக்கும் புள்ளி பெருக்கல் குறிக்கு வரும்வரை திருகாணிகளைத் திருகுங்கள். சட்டத்தை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் தண்ணீர்த் தட்டை மறுபடி வைத்துப் பாருங்கள். ஒருவர் கீழே திருக, ஒருவர் அட்டையைப் பார்த்து “இன்னும், இன்னும், போதும்” என்று சொல்ல வேண்டும். கதிர் கண்ணில் படாத இடத்தில் இருவரும் இருங்கள். 48 கண்ணாடிக்கு எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. மறுநாள் காலை வெயிலில் எடுத்துவைத்தபோது, 48 சதுரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வெள்ளைச் சதுரமாக நின்றன. அதைப் பார்த்தவருக்கு இந்த வேலையை விட மனம் வராது.

ஊஞ்சலுக்கு இரண்டு கால்கள், வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று, இடையே 1.8 மீட்டர். ஒவ்வொன்றிலும் 130 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கெட்டியான போல்ட். அந்த இரு போல்ட்டுகளில் தொங்கும் ‘ப’ வடிவச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பக்கமும் கரங்கள், அடியில் வடக்கு தெற்காக ஓடும் இரண்டு மரத் தண்டவாளங்கள். பலகை அந்தத் தண்டவாளங்களில் உட்கார்ந்து முன்பின் நகரவும் கட்டை கொடுத்துச் சாயவும் வேண்டும். காரணம் பின்னால் வருகிறது. கண்ணாடியும் பிளைவுட்டுமாகப் பலகை 10 கிலோவுக்கு வந்துவிடும். கரங்களைப் போல்ட்டுக்கு மேலேயும் நீட்டி, மணல் நிரப்பிய தண்ணீர்ப் போத்தல்களை எதிர்ப்பாரமாகக் கட்டினால் எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். பானைக்கான இரும்பு வளையம் தெற்குக் காலிலிருந்து அச்சுக்கோட்டோடு நீளும் ஒரு கம்பியின் நுனியில். அது ஊஞ்சலோடு சேர்ந்து ஆடக்கூடாது. முறைப்படி அச்சின் வடமுனை 4 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். விட்டுவிட்டாலும் பெரிய நட்டமில்லை. வடக்கு எது என்பதற்குச் சாதாரணத் திசைகாட்டி போதும். சிங்கப்பூரில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றே. இரும்புக் கதவிலிருந்தும் காரிலிருந்தும் தள்ளி நின்று பாருங்கள்.

பலகையின் ஓரத்தில் விரல் நீளக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பதித்துவிடுங்கள். அதன் நிழல் வெறும் வளையமாகச் சுருங்கினால் பலகை சூரியனை நேராகப் பார்க்கிறது. சூரியனை நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவையே வராது. 4 நிமிடத்துக்கு 1 பாகை என்று சூரியன் போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊஞ்சலை நாலைந்து சென்டிமீட்டர் தள்ளினால் வெளிச்சம் பானையை விட்டு விலகாது.

எவ்வளவு சூடு கிடைக்கும்? கை நிழல் கூர்மையாக இருக்கும் நேரத்தில் சதுர மீட்டருக்கு 700 வாட் நேரொளி என்று வையுங்கள். பானை நிழல் போக 0.46 சதுர மீட்டர். கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. கறுப்புப் பூச்சில் பத்தில் ஒரு பங்கு இழப்பு. காற்று கொண்டுபோவது கொஞ்சம். கையில் நிற்பது 200 வாட். 30 பாகை வெப்பத்தில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 25 நிமிடம். மின்கெண்டியோடு ஒப்பிட்டால் மெதுவானதுதான், ஆனால் மண்ணெண்ணெய் அடுப்பைச் சிம்மில் வைத்துப் பருப்பு வேகவைத்தவர்களுக்கு இந்த வேகம் பழக்கமானது.

இனிச் சொல்வதை மகளை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். 2013இல் லண்டனில் குழிவான முகப்புள்ள உயர்ந்த கட்டடம் ஒன்று தெருவில் வெயிலைக் குவித்து, நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கிவிட்டது. கட்டடம் நகரவில்லை, சூரியன் நகர்ந்தது, குவியம் தெருவுக்கு வந்தது. எனக்கு நேர்ந்ததும் அதுவே. பலகையைத் திருத்திவிட்டு மூடாமல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன். மேற்கே சரிந்த வெயில் மூன்றரை மணிக்குப் பலகைக்கு நேராக வந்தது. துணி காயவைக்கும் மூங்கில் கழியிலிருந்து நீல நிறத்தில் மெல்லிய புகை வந்தது. ஓடிப்போய் விலக்கியபோது மூங்கிலின் பச்சைத் தோல் உள்ளங்கை நீளத்துக்குக் கருகி வெடித்திருந்தது. அந்தக் கழியில் அரை மணி நேரம் முன்புவரை பேத்தியின் பள்ளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அன்று முதல் தடித்த கித்தான் துணி ஒன்று பலகையோடேயே கட்டியிருக்கிறது. பானை வளையத்தில் ஏறிய பிறகே துணி விலகும். பானை இறங்குமுன் துணி மூடும். பலகை திறந்திருக்கும்போது முற்றத்தில் ஒரு பெரியவர் இருப்பார். வாளியில் தண்ணீரும் இருக்கும்.

கண்ணுக்கு: வெல்டிங் வேலைக்கான கண்ணாடி அணியுங்கள், கடையில் வாங்கும் கறுப்புக் கண்ணாடி போதாது. அதோடு நிற்கும் இடமும் முக்கியம். பானையில் படாமல் தப்பும் ஒளி அதைத் தாண்டி மேலே, சூரியன் இருக்கும் பக்கமாகவே விரிந்து போகும். கிளறுவதற்கு நிற்கும்போது உங்கள் நிழல் கண்ணாடிகள்மேல் விழுந்தால், அந்தத் தப்பிய ஒளி உங்கள் முகத்துக்கு வரும் இடத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே மறுபக்கம் போய்விடுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நண்பருக்கும் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தாழ்வாரமும் சன்னலும் இதற்கு இடமல்ல. எதிர்ப் புளோக்கில் உள்ளவர் கண்ணில் ஒளி அடிக்கும், ஒரு கண்ணாடி கழன்று விழுந்தால் கீழே நடப்பவர் உயிர் போகும். அவர் உங்கள் முற்றத்துக்கு வரட்டும்.

தை முதல் நாளுக்கு வருகிறேன். சனவரி நடுவில் சூரியன் உச்சியில் தெற்கே 22 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக விலகிப் போகும். அதனால் பலகை பானைக்கு நேர் கீழே இராமல், தண்டவாளத்தில் 38 சென்டிமீட்டர் வடக்கே தள்ளி, வடக்கு விளிம்பு உயர்ந்து தெற்கு நோக்கிச் சாய வேண்டும். ஒரு மீட்டர் தொலைவு மாறக்கூடாது. நகரும் தண்டவாளம் கேட்டது இதற்குத்தான். மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் 20ஐ ஒட்டியும் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும், அப்போது பலகை நடுவுக்கு வந்துவிடும். சூனில் தெற்கே போகும்.

நம் கடிகாரம் 1982 முதல் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் சூரியனின் உச்சிப்பொழுது இங்கே 12 மணிக்கு வருவதில்லை. சனவரி நடுவில் 1 மணி 14 நிமிடத்துக்கு வரும். பொங்கலை 11.30க்கு ஏற்றினால் உச்சிக்கு முந்திய நல்ல வெயில் முழுவதும் உங்களுக்கு.

வானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பாதி அப்போது முடிந்திருக்காது. மழை பிடித்தால் இரண்டு மூன்று நாள் விடாது. எரிவாயு அடுப்பைத் தயாராக வைத்திருங்கள். நல்ல நேரம் தவறிப்போக விட வேண்டாம். பிப்ரவரி வந்தால் வானம் திறந்துவிடும், அப்போது வெயில் பொங்கலை இன்னொரு முறை வைக்கலாம்.

அளவு சிறிதாக இருக்கட்டும்: ஒரு கிண்ணம் அரிசி, கால் கிண்ணம் பாசிப்பருப்பு, பாலும் தண்ணீருமாக ஒன்றேகால் லிட்டர். கொதி வர 40 நிமிடம், வேக இன்னும் 25. அரிசியையும் பருப்பையும் முன்னிரவே ஊறவைத்தால் அதில் கொஞ்சம் மிச்சமாகும். மண்பானை சூட்டை மெதுவாக வாங்கும், இந்த அளவு வெயிலுக்கு அது வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் மட்டும் அடுப்புக்கான சூடுதாங்கும் கறுப்பு மங்கல் பூச்சு அடித்து, வாசம் போகும்வரை வெறும் பாத்திரமாக இரண்டு முறை சூடேற்றி விடுங்கள். மேகம் வந்தால் மூடிபோட்டுத் தடித்த துணியால் பாத்திரத்தைப் போர்த்தலாம், உள்சூட்டில் வேகும். ஆனால் அதற்கு முன் பலகையைக் கித்தானால் மூடிவிடுங்கள். மேகம் திடீரென்று விலகினால் போர்த்திய துணி பற்றிக்கொள்ளும். தேக்கா சந்தையில் வாங்கும் மஞ்சள் கொத்தைப் பாத்திரத்தின் கழுத்தில் கட்டாமல் தெற்குக் காலில் கட்டுங்கள். கழுத்தில் இருந்தால் வழி தவறிய ஒளி இலையைக் கருக்கிவிடும்.

பால் பொங்கினால் கண்ணாடிகள்மேல் கொட்டாதா என்ற கவலை உங்கள் கேள்வியில் இல்லை. ஆனால் வந்திருக்க வேண்டும். மார்ச்சில் கொட்டும், ஏனென்றால் பலகை நேர் கீழே இருக்கும். தையில் கொட்டாது. பலகை வடக்கே தள்ளியிருக்கிறது; உச்சிக்கு முன் சூரியன் கிழக்கில் இருப்பதால் ஊஞ்சல் மேற்கே ஒதுங்கியிருக்கிறது. பானைக்குத் தென்கிழக்கே வெறும் சிமென்டுத் தரைதான். கிழக்கே பொங்கி வழிந்தால் நல்லது என்று பல வீடுகளில் பார்ப்பார்கள். வளையத்தைப் பூட்டும்போது பாத்திரத்தின் வாய் தென்கிழக்குப் பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும்படி பூட்டிவிடுங்கள்.